லிட்டர் என்ன விலை? ஏன் அந்த விலை?

முதலில் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், அரியர் விழுகிற கணக்கு இல்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

2008 ஜூலையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதற்கு முன் அப்படி ஒரு விலையை உலகம் பார்த்ததில்லை. அப்போது நம்ம சென்னையில் பெட்ரோல் லிட்டர் சுமார் 55 ரூபாய். அடுத்து 2021 ஜூலை 2-ம் தேதிக்கு வாருங்கள். அன்று கச்சா எண்ணெய் பீப்பாய் 75 டாலர் சுமார். ஏறக்குறைய பாதி விலை. ஆனால் அன்றைக்குத்தான் சென்னையில் பெட்ரோல் முதல் முறையாக நூறைத் தாண்டியது! லிட்டர் 100 ரூபாய் 13 பைசா. லஸ் கார்னரிலிருந்து அடையார் வரைக்கும் பங்க் போர்டில் எல்லாம் மூன்று இலக்கம்.

சரக்கு விலை பாதியாச்சு, சில்லறை விலை டபுளாச்சு. இது எப்படி?

டீக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் அரபு நாட்டுக்காரனைத் திட்டுவார். ஒருவர் டெல்லியை. ஒருவர் கோட்டையை. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒர்க் ஷாப்பில் கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட் தனியாக, ஃப்ளோட் தனியாகப் பரப்பி வைப்போமே, அந்த மாதிரி இந்த விலையையும் கழற்றிப் பார்ப்போம்.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 2008-ல் டாலர் 43 ரூபாய் அளவில் இருந்தது. 147-ஐ 43-ஆல் பெருக்கி 159-ஆல் வகுத்தால், உச்ச விலையில் கச்சா எண்ணெய் லிட்டருக்கு 40 ரூபாய். 2021-ல் டாலர் 74 ரூபாய் 50 பைசா அளவில். அதே கணக்கைப் போட்டால் லிட்டர் 35 ரூபாய். பார்த்தீர்களா, டாலரில் பாதியாகக் குறைந்தது ரூபாயில் ஐந்து ரூபாய்தான் குறைந்திருக்கிறது. நடுவில் நம்ம ரூபாய் இளைத்துப் போனதுதான் காரணம். எண்ணெயை நாம் டாலரில் வாங்குகிறோம், சம்பளத்தை ரூபாயில் வாங்குகிறோம். (ஒரு லிட்டர் கச்சா எண்ணெயில் ஒரு லிட்டர் பெட்ரோல் கிடைக்காது. கேஸ், நாப்தா, மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் தார் வரை அதிலிருந்துதான் வருகிறது. இது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கு மட்டுமே.)

சரி, ரூபாய்க் கணக்கிலும் ஐந்து ரூபாய் குறைந்துதானே இருக்கிறது? பிறகு 55 எப்படி 100 ஆனது? இங்கேதான் வரி வருகிறது. 2008 நடுவில் மத்திய அரசின் கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 14 ரூபாய்க்குள் இருந்தது. 2021 ஜூலையில் அது 32 ரூபாய் 90 பைசா. அதன் மேல் தமிழ்நாடு அரசின் வாட் வரி, 15 சதவீதமும் கூடவே லிட்டருக்கு 13 ரூபாய் 2 பைசாவும். அந்த 15 சதவீதத்தைக் கலால் வரியும் சேர்ந்த விலை மேல்தான் போடுகிறார்கள். அதாவது வரிக்கு மேல் வரி. பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்றைய 100 ரூபாயில் ஏறக்குறைய 57 ரூபாய் இரண்டு அரசுகளுக்கும் போயிருக்கிறது. எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி வாடகை, பங்க் டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்து மீதி 43 ரூபாய்தான்!

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2008-ன் 55 ரூபாய் உண்மையான விலை இல்லை. அடக்கத்துக்கும் குறைவாக விற்கும்படி அரசு சொன்னது, எண்ணெய்க் கம்பெனிகள் விற்றன. அந்த நஷ்டத்தில் ஒரு பகுதிக்கு அரசு பணம் தரவில்லை, பத்திரம் எழுதித் தந்தது. ஆயில் பாண்டு. அதன் தவணைகள் 2026 வரை நீண்டன. அப்பா காலத்தில் மலிவாகப் போட்ட பெட்ரோலுக்கு மகன் காலத்தில் வட்டி கட்டிய கதை.

விலையை யார் நிர்ணயிப்பது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2002 வரை எல்லாம் அரசு கையில். வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ ராத்திரி செய்தியில் சொல்வார்கள். உடனே பங்க்கில் க்யூ, சில இடங்களில் ‘ஸ்டாக் இல்லை’ போர்டு. பழைய சீனியர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2010 ஜூனில் பெட்ரோலையும், 2014 அக்டோபரில் டீசலையும் அரசு கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் விலை மாறும் என்றார்கள். உலகச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? 2020 ஏப்ரலில் கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் முன்பேர விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. ‘எடுத்துட்டுப் போ, நானே காசு தர்றேன்’ என்கிற நிலைமை. சென்னையில் அப்போது பெட்ரோல் 72 ரூபாய் 28 பைசா. மே முதல் வாரத்தில் அது 75 ரூபாய் 54 பைசா ஆனது. மாநில அரசு வாட் வரியை மாற்றியதுதான் காரணம். அடுத்த இரண்டு நாளில் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. கச்சா எண்ணெய் மலிவில் நமக்கு வந்திருக்க வேண்டிய பணம் வழியிலேயே இறங்கிவிட்டது. ஏறும்போது லிப்ட், இறங்கும்போது படிக்கட்டு. அதிலும் பாதிப் படி காணோம்!

‘தினசரி மாற்றம்’ என்பதன் லட்சணத்தையும் பாருங்கள். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை உத்தரப் பிரதேசம் முதலான மாநிலங்களில் தேர்தல் காலம். அந்த நாலரை மாதமும் பெட்ரோல் விலை ஆடவில்லை, அசையவில்லை. நடுவில் உக்ரைன் யுத்தமே தொடங்கியது, அப்போதும் இல்லை. ஓட்டு எண்ணி முடித்ததும் தினம் 80 பைசா கணக்கில் ஏறி, ஏப்ரல் 6-ல் சென்னையில் 110 ரூபாய் 85 பைசாவில் நின்றது. மே மாதம் கலால் வரியைக் குறைத்ததால் 102 ரூபாய் 63 பைசாவுக்கு வந்தது. அதன்பின் 2024 மார்ச் வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், அதே 102.63. அந்த இரண்டு வருஷமும் கச்சா எண்ணெய் அசையாமலா இருந்தது?

இடத்துக்கு இடம் விலை மாறுவதும் வரியால்தான். ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போகிறவர்கள் திரும்பும்போது அங்கே டேங்க் ஃபுல் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். (நான் வண்டி டேங்க்கைச் சொல்கிறேன்!) அங்கே வாட் வரி குறைவு, அவ்வளவுதான்.

இந்த எண்ணெயிடம் நாம் எப்படி மாட்டிக்கொண்டோம்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக்கு வந்து குண்டு போட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதேதான். அவன் குறிவைத்தது கோட்டையை அல்ல, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளை. ஊரின் உயிர்நிலை எங்கே என்று அப்போதே எதிரிக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டி, மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அப்படிப்பட்ட கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. இழுவை குறைவு, புகை அதிகம், ஆனால் வண்டி ஓடியது.

இதில் வேடிக்கை, நம்ம ஊரில் எண்ணெய் இல்லாத போக்குவரத்து முதலிலேயே இருந்தது. 1895-ல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. லண்டனுக்கே அப்போது அது வரவில்லை. 1931-ல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் வந்தது. தி.நகர் என்கிற பேட்டை வளர்ந்ததில் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 1953-ல் டிராம் கம்பெனி நொடித்து மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அந்த இடத்தை டீசல் பஸ் பிடித்துக்கொண்டது. 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இந்திய அரசு, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி, அமெரிக்காவின் ஆமோகோ மூன்றும் கூட்டு. ஆண்டுக்கு 25 லட்சம் டன்னில் ஆரம்பித்து, பிற்பாடு 1 கோடியே 5 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்தது. இப்படி நம் ஊர் ஸ்கூட்டருக்கும் ஈரானுக்கும் நேரடி உறவு ஏற்பட்டது.

உறவு என்றால் சண்டையும் உண்டே! 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக எடுத்தபோது மூன்று டாலர் சுமாருக்கு இருந்த பீப்பாய் சில மாதத்தில் 11 டாலரைத் தாண்டியது. 1979-ல் ஈரான் புரட்சி, மறுபடி ஏற்றம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஜூனில் நம் நாட்டு அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் தேறும் என்ற நிலை. தங்கத்தை அடகு வைத்தோம். 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் பெட்ரோல் விலையை 20 சதவீதம் ஏற்றினார். பம்பாய் ஹை கைகொடுத்ததால் எண்பதுகளின் நடுவில் நம் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்நாட்டிலேயே கிடைத்தது. 2023-24 கணக்கில் நிலைமை தலைகீழ். நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் இறக்குமதி!

இந்தச் சுமை எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. கார்க்காரர் முணுமுணுத்துவிட்டுப் போட்டுக்கொள்வார். ஆட்டோ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் அப்போது எழுபது சொச்சம். நூறைத் தொட்ட 2021-லும் அரசுக் கட்டணம் அதே 25 ரூபாய்தான். மீட்டர் போடாத டிரைவரை நாம் திட்டுகிறோம். திட்டுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பஸ்ஸும் அப்படித்தான். 2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு டீசல் லிட்டருக்கு 9 ரூபாய்க்கு மேல் அதிகம் என்று ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குகிறவனுக்கு விலை கூட, அரை லிட்டர் வாங்குகிறவனுக்குக் குறைவு! என்ன செய்வது? நம் அரசு பஸ்கள் டெப்போவை விட்டுவிட்டு ரோட்டோர பங்க்கில் வந்து லாரிகளோடு வரிசையில் நின்று டீசல் போட்டன. 2018 ஜனவரி 20-ல் பஸ் கட்டணம் ஏறியது. டீசல் செலவையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சம் 3 ரூபாய் இருந்தது 5 ரூபாய். மாநிலம் முழுக்க மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள் கொஞ்சம் குறைத்தார்கள். மாணவர் போராட்டத்துக்குப் பெட்ரோலியத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

பில்லில் வராத விலையும் ஒன்று இருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. தார் மாதிரி ஒட்டிய கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளியில் மொண்டார்கள். சந்திரனுக்கு ராக்கெட் விட்ட நாட்டில், வாளியில்! அதை எந்த பங்க் மீட்டரும் காட்டாது.

மாற்று வழி? 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் பங்க்குகளில் பரவிவிட்டது. இறக்குமதி குறையும் என்பது உண்மை. ஆனால் எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். கலந்ததற்காக விலையை யாரும் குறைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சார வண்டிக் கணக்கு ஆசை காட்டுகிறது. மூன்று யூனிட் பேட்டரியில் ஒரு ஸ்கூட்டர் தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் போகிறது. யூனிட் 8 ரூபாய் என்றாலும் 24 ரூபாய். பெட்ரோல் ஸ்கூட்டரில் அதே தூரத்துக்கு இரண்டு லிட்டர், 200 ரூபாய். ஆனால் மந்தைவெளி சந்துக்குள் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் வண்டியை எங்கே நிறுத்தி எப்படி சார்ஜ் போடுவார்? அந்த மின்சாரமும் சும்மா வரவில்லை. ஒடிசா நிலக்கரி கப்பலில் எண்ணூருக்கு வருகிறது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ஓரளவு கைகொடுக்கின்றன. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. டிராமை மூடி 72 வருஷம் கழித்து மறுபடி அதே மின்சாரம்!

எனக்குக் கவலை வேறு இடத்தில். மின்சார ஸ்கூட்டரில் கார்ப்பரேட்டர் இல்லை, பிளக் இல்லை, பிஸ்டன் ரிங் இல்லை, கிளட்ச் இல்லை, ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. புதுப்பேட்டையும் தெருவுக்குத் தெரு உள்ள மெக்கானிக் ஷெட்டும் நாமும் பிழைப்பது இவற்றை வைத்துத்தான். அடையாறுக்குப் பக்கத்திலேயே, ஐ.ஐ.டி. வளாகத்தில் தொடங்கிய ஏத்தர் இன்று ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. அங்கே வேலைக்குப் போகிற டிப்ளமோக்காரனைக் கேட்பது பேட்டரி பேக், மோட்டார், கன்ட்ரோலர். நம்ம லேபில் வெட்டி வைத்திருப்பதோ அம்பாசடர் எஞ்சின். அதை எடுக்கச் சொல்லவில்லை, அதிலும் கற்க நிறைய இருக்கிறது. பக்கத்தில் ஒரு பழைய மின்சார ஸ்கூட்டரை வாங்கிப் பிரித்து வைக்கலாம். யூனியன் மூலம் எழுதுகிற மனுவில் ஆட்டோமொபைல், எலெக்ட்ரிக்கல் இரண்டு பிரிவு மாணவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பிரின்சிபால் அறை வரை நான் கொண்டுபோகிறேன்.