இதயம் அடிக்குதே, எப்படி சார் செத்தாச்சு?

லஸ் கார்னர் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பேப்பரில் 'மூளைச்சாவு' என்று செய்தி வரும்போதெல்லாம் என்னை மடக்குவார். "நின்னுபோன ஹார்ட்டுக்கு ஷாக் கொடுத்து ஓட விடறாங்க. மூளையை மட்டும் ஏன் சார் திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியலை?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற குடும்பம் கேட்பது வேறு கேள்வி. "உடம்பு சுடுது, மார்பு ஏறி இறங்குது. இவனைப் போய் செத்துட்டான்னு எப்படி டாக்டர் சொல்றீங்க?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. உடம்பில் இரண்டு சதவிகிதம்கூட ஒழுங்காகத் தேறாது. ஆனால் நாம் இழுக்கிற ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் சாப்பிடுகிறது. அத்தனை செலவாளிக்கு சேமிப்பு என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. தசைக்காவது கொஞ்சம் சர்க்கரை கையிருப்பு உண்டு. மூளை அன்றாடங்காய்ச்சி. ரத்தம் நின்ற பத்தே விநாடியில் நினைவு போகும். நாலைந்து நிமிடத்தில் சேதம் ஆரம்பம்.

என்ன சேதம்? ஒவ்வொரு நரம்பு செல்லும் உள்ளே வருகிற சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற மாதிரி. ஆக்ஸிஜன் நின்றால் இறைப்பதும் நிற்கும். சோடியம் உள்ளே வரும், கூடவே தண்ணீர் வரும், செல் ஊதும். பின்னாலேயே கால்சியம் புகுந்து, செல்லின் சொந்த நொதிகளையே கிளப்பிவிட்டு உள்ளிருந்து வெட்ட வைக்கும்.

அடையாறில் மே மாதம் ராத்திரி முழுக்க கரண்ட் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் ஜோராக ஓடும். உள்ளே உருகி ஒழுகிய ஐஸ்க்ரீம் பழையபடி கோனில் ஏறி உட்காருமா? இதயம் ஃபிரிட்ஜ் ஜாதி, மூளை ஐஸ்க்ரீம் ஜாதி. நீங்கள் நீங்களாக இருப்பது கோடானுகோடி நரம்பிணைப்புகளின் அமைப்பில். அந்த அமைப்பே கரைந்துவிட்டால் எந்த ஸ்விட்சைத் தட்டுவது?

இன்னொரு சிக்கல், கபாலம். (மயிலாப்பூர்க்காரர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.) கையில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. மூளை வீங்க இடமே இல்லை, சுற்றிலும் எலும்பு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவை நினைத்துப் பாருங்கள். உள்ளே நெருக்கம் ஏற ஏற வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. மண்டைக்குள் அழுத்தம் ரத்த அழுத்தத்தைத் தாண்டினால் ஒரு சொட்டு ரத்தமும் மேலே ஏறாது. மருந்து போவதும் அதே ரத்தத்தில்தான். வழியில்லாமல் வீங்குகிற மூளை கீழே இருக்கிற ஓட்டை வழியாகப் பிதுங்கி, மூளைத்தண்டை நசுக்குகிறது. மூச்சுக்குக் கட்டளை போடுகிற இடம் அதுதான்.

அப்புறம் இதயம் எப்படி அடிக்கிறது? அதற்கு சொந்த பாட்டரி இருக்கிறது. துடிப்பை அதுவே உண்டாக்கிக்கொள்ளும், மூளையின் அனுமதி வேண்டாம். ஆக்ஸிஜன் மட்டும் போதும், அதை வென்டிலேட்டர் கொடுக்கிறது. அந்த யந்திரம் வருவதற்கு முன் இந்தக் கேள்வியே கிடையாது. மூளை போனால் மூச்சு போகும், சில நிமிடத்தில் இதயமும் நிற்கும். 1959-ல் இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள்தான் 'கோமாவைத் தாண்டிய நிலை' என்று இதற்கு முதலில் பெயர் வைத்தார்கள்.

கோமா வேறு, இது வேறு. நம் பத்திரிகைகளே இரண்டையும் போட்டுக் குழப்புவதில் எனக்கு நிறைய வருத்தம். மும்பையில் நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 முதல் 2015 வரை படுக்கையில் கிடந்தாரே, அவருக்கு மூளைத்தண்டு வேலை செய்தது. தானாக மூச்சு விட்டார். மூளைச்சாவில் அது இல்லை.

"விரல் அசைஞ்சுது டாக்டர், நான் பார்த்தேன்!" இதைச் சொல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தண்டுவடம் உயிரோடு இருந்தால் மூளை இல்லாமலும் கை கால் லேசாக அசையும். பாவம், அந்த ஒரு அசைவை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

'உயிர்த்தெழுந்த' கதைகள்? 1999-ல் நார்வேயில் ஆனா போகன்ஹோம் என்ற டாக்டர் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கி, உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கி, இதயம் நின்று, பிழைத்தார். குளிர் முந்திக்கொண்டு மூளையின் பசியை அடக்கிவிட்டது. அவர் மூளை சாகவே இல்லை. 2019-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கசாப்புக் கூடத்திலிருந்து வந்த பன்றி மூளைகளில், செத்து நாலு மணி நேரத்துக்குப் பிறகு செயற்கை ரத்தம் ஓட்டினார்கள். சில செல்கள் வேலை செய்தன. நினைவின் அறிகுறி துளியும் இல்லை.

நம் நாட்டில் 1994 சட்டப்படி, உறுப்பு தானத்துக்கு முன் நான்கு டாக்டர்கள் கொண்ட குழு இரண்டு முறை, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் சோதிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடிப்பார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விடுவார்கள். கடைசியாக, ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு மார்பையே பார்ப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் அந்த நேரம் ஒரு மூச்சாவது இழுத்தே தீரும். சந்தேகம் இருந்தால் இதை எனக்கு விளக்குங்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன் பைக் விபத்தில் அடிபட்டு சென்னைக்கு வந்தான். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, இருவரும் டாக்டர்கள். மூச்சு இழுக்காத மார்பு என்றால் என்னவென்று மற்ற பெற்றோருக்கு விளக்க வேண்டும், இவர்களுக்கு வேண்டியதில்லை. தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். வெட்டியெடுத்த இதயம் ஐஸில் சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் சிக்னல்களை நிறுத்தி வழி விட, வண்டி பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுப் பெண் குழந்தையின் மார்பில் வைத்துத் தைத்தார்கள். மூளையின் கட்டளை எதுவும் இல்லாமல், தன் சொந்த பாட்டரியில், அது மறுபடி அடிக்க ஆரம்பித்தது.