விடுதிக்கு லைசென்ஸ் இருக்கா? கேளுங்க அக்கா!



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒரு அக்காவின் மகளுக்குத் தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "குரோம்பேட்டையில ஒரு வீட்ல ஆறு பொண்ணுங்களோட தங்கலாம்னு சொல்றாங்க. நம்பி அனுப்பலாமா மேடம்?" என்று கேட்டார்.

இன்னொரு அக்கா சேலையூர் பக்கம். "குழுக்கடன் வாங்கி மாடியில ரெண்டு ரூம் கட்டியிருக்கேன். கட்டில் போட்டு, ஆளுக்கு இவ்வளவுன்னு வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு விடலாம்னு இருக்கேன். அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?" என்றார்.

ஒருவர் அனுப்புகிறவர், ஒருவர் இடம் கொடுக்கிறவர். இருவருக்கும் பதில் ஒரே சட்டத்தில்தான் இருக்கிறது.

சட்டம் ஏன் வந்தது?

2014 ஜூன் மாதம் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கிப் படித்த இரண்டு சிறுமிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கான விதிகள் 2015-ல் வந்தன. இந்தச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் யாரும் பெண்கள் விடுதி நடத்தக்கூடாது. மீறினால் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2018 டிசம்பரில் நம் பக்கத்து ஆதம்பாக்கத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒருவர் வீட்டை எடுத்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதியாக விட்டிருந்தார். குளியலறையில் இருந்த பிளக் பாயிண்ட்டில் ஒளித்து வைத்த கேமராவை அங்கே தங்கிய பெண் ஒருவரே கண்டுபிடித்தார். தேடியபோது வீட்டில் இன்னும் பல கேமராக்கள் கிடைத்தன. அந்த விடுதி அரசிடம் பதிவு செய்யப்படவே இல்லை. அதன் பிறகுதான் சென்னை மாவட்ட ஆட்சியர், பதிவு செய்யாத விடுதிகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்.

2021 டிசம்பரில் இன்னொரு சம்பவம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான், ஒரே அறையில் பலர் தரையில் படுத்து உறங்கிய கதையும் வெளியே வந்தது.

மகளை அனுப்பும் தாய்மார்களுக்கு

இடம் பார்க்கப் போகும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கூச்சப்படாமல் இவற்றையும் கேளுங்கள், பாருங்கள்:

1. ஆட்சியர் கொடுத்த உரிமம் இருக்கிறதா? வாயால் சொன்னால் போதாது, காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.
2. இரவிலும் தங்கும் பெண் வார்டன் இருக்கிறாரா?
3. கேமரா வாசலில்தான் இருக்க வேண்டும். அறையிலும் குளியலறையிலும் இருக்கவே கூடாது.
4. வந்து போகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு இருக்கிறதா? வேலையாட்களைப் பற்றிப் போலீசில் விசாரித்துச் சான்று வாங்கியிருக்கிறார்களா?
5. ஒரு அறைக்கு எத்தனை பேர்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா?
6. அட்வான்சுக்கும் மாத வாடகைக்கும் ரசீது தருவார்களா?

"அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம வீடு மாதிரி பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நம்ம வீடு மாதிரி பார்த்துக்கொள்கிறவர் காகிதத்தைக் காட்டத் தயங்க மாட்டார்.

இடம் விடுகிறவர்களுக்கு

நம் உறுப்பினர்களுக்கு வரும் பெரிய குழப்பம் இதுதான்: "நான் வீடுதானே வாடகைக்கு விடறேன்?"

முழு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கோ, சேர்ந்து வரும் சில பேருக்கோ ஒரே ஒப்பந்தத்தில் விட்டால் அது வாடகை வீடு. அதற்கு 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாடகை பாக்கி என்று சொல்லி வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது.

ஆனால் கட்டில் கணக்கில், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, பொறுப்பை நீங்களே நடத்தினால் அது விடுதி வேலை. சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். போர்டு மாட்டும் முன்பே, அட்வான்ஸ் வாங்கும் முன்பே மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போய், எத்தனை அறை, எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டக்காரர்கள் செங்கல்பட்டு மாவட்டம். ஆலந்தூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் வட்டக்காரர்கள் சென்னை மாவட்டம்.

கட்டிட உறுதிச் சான்று, தாசில்தாரிடம் வாங்கும் கட்டிட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை கேட்பார்கள். சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு வேண்டும். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மாடி எழும்பியது குழுக்கடனில். நாளைக்கு அதிகாரிகள் வந்து பூட்டினால் தவணையை யார் கட்டுவது? ஒருவர் தவறினால் குழுவே அல்லவா திணறும்! அதைவிடப் பெரிய விஷயம், அங்கே படுத்துத் தூங்கப்போவது நம்மைப் போன்ற இன்னொரு அம்மாவின் பிள்ளை.

அரசு விடுதிகளும் இருக்கின்றன

வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஆலைத் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தனியாரிடம் போகும் முன் இங்கே இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

முதலில் சொன்ன அக்கா குரோம்பேட்டை வீட்டில் போய்க் கேட்டார். காகிதம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மகளுக்குத் தோழி விடுதியில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். சேலையூர் அக்கா கட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் என்னோடு செங்கல்பட்டு வருகிறார்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். யார் மகள் எங்கே தங்கியிருக்கிறாள், அங்கே உரிமம் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். விடுதியில் தொல்லை என்றால் பெண்கள் உதவி எண் 181. இந்த எண்ணை மகளின் போனிலும் உங்கள் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.