வெள்ளாற்றங்கரையின் சிறு சாலைகள்

சாலை என்றதும் நம் நினைவுக்கு வருவது பேருந்துகள் விரைந்தோடும் நெடுஞ்சாலையே. மணமேல்குடி வழியாகத் தெற்கே கோட்டைப்பட்டினம், மீமிசல் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை இப்பகுதியில் அறியாதார் இல்லை. ஆனால், அச்சாலைக்கு வந்து சேர்வதற்கும் ஒரு சாலை வேண்டுமன்றோ? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, எவரும் பெரிதாகப் பேசாத அந்தச் சிறு சாலையைப் பற்றியே.

வயலில் பெய்த மழை ஓடையில் சேர்கிறது. ஓடைகள் வாரியில் விழுகின்றன. வாரிகள் ஆற்றை அடைகின்றன. ஊர்ப் போக்குவரத்தும் இத்தகையதே. நாலைந்து சிற்றூர்களின் மக்களையும், நெல்லையும், தேங்காயையும் ஒன்றுகூட்டிப் பெருஞ்சாலையில் கொண்டுபோய் விடும் இடைச்சாலையைச் 'சேர்ப்புச் சாலை' எனலாம். அரசாங்கப் பதிவேட்டில் அது மாவட்ட இதரச் சாலை என்றோ, ஊராட்சி ஒன்றியச் சாலை என்றோ இருக்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1943ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள், வேளாண்மை வளர்ந்த பகுதியில் எந்தக் கிராமமும் முக்கியச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் தள்ளியிருத்தல் கூடாது என்று திட்டம் வகுத்தனர். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தபோது, சமவெளியில் 500 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கே முதலில் வழி கிடைத்தது. ஆற்றோரக் குடியிருப்புகளோ பெரும்பாலும் சிறியவை. தனித்தனியே எண்ணினால் கணக்கில் நில்லா. சேர்த்து எண்ணினால் ஒரு பேரூர். 2019இல் தொடங்கிய மூன்றாம் கட்டம், ஊர்களைச் சந்தையோடும் பள்ளியோடும் மருத்துவமனையோடும் இணைக்கும் சாலைகளில் 1,25,000 கிலோமீட்டரை மேம்படுத்த முற்பட்டது. இது சரியான நோக்கு என்பது என் கருத்து.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். பண்டைச் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்படும் தென்வெள்ளாறு, புதுக்கோட்டைச் சீமையைக் கடந்து மணமேல்குடிப் பக்கத்தில் கடலோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெருகும். இதனோடு, 1934இல் வெட்டி முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாயும் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடிவந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. ஆகவே ஆறு, கால்வாய், கண்மாய், வாரி என நீர்வழிகள் பின்னிக் கிடக்கும் நிலம் இது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஊர்கள் ஆற்றை ஒட்டி வரிசையாக இருப்பதால் சாலையும் ஆற்றை ஒட்டியே செல்கிறது. நிலத்து நீரோ ஆற்றை நோக்கிச் செல்கிறது. ஆதலின் ஒவ்வொரு துளியும் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். வழி விடாத சாலை, சாலையன்று, அணை! சாலையை இரண்டடி உயர்த்திவிட்டோம் என்று மகிழ்கிறோம். நீர்க்கண் போதாவிட்டால் மேற்புறத்து நெற்பயிர் நாட்கணக்கில் நீரில் நின்று அழுகும். பொறுத்துப் பார்த்த மேலூரார் ஒருநாள் இரவில் மண்வெட்டியோடு வந்து சாலையை வெட்டிவிடுவர். காலையில் கீழூரார் பேருந்து வரவில்லையே என்று சண்டைக்கு நிற்பர். இரு திறத்தாரிடத்தும் நியாயம் உண்டு. குற்றம், இரண்டு குழாய் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்று வைத்ததே.

பழைய கண்மாய்களைக் கட்டினவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். கரை எழுப்பும்போதே நீரைத் திறந்துவிட மடையும், மிகுநீர் வழிந்தோடக் கலிங்கும் அமைத்தனர். சாலைக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.

நீர் தேங்குவதால் சாலைக்கு என்ன கேடு எனில், தாரின் மேல் விழும் மழையைவிட அடியில் ஊறும் நீரே பகை. களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நெல் ஏற்றிய டிராக்டர் சென்றால் ஜல்லி மண்ணுக்குள் புதையும். சாலையின் நடுமுதுகு சற்று உயர்ந்து இருபுறமும் சரிவாக இருப்பதும், ஓரத்தில் வடிகால் ஓடுவதும் இதனாலேயே.

வாரி குறுக்கிடும் இடங்களில் தரைப்பாலம் கட்டுவார்கள். வெள்ளம் அதன்மேல் வழிந்தோடும். இதைச் சிக்கனம் என்று இகழ்வோர் உளர். ஆண்டில் சில நாட்களே நீரோடும் வாரிக்கு இது தக்கதே என்பேன். ஆனால் இருபுறமும் காவற்கற்களும், நீரின் ஆழங்காட்டும் அளவுகோலும் வேண்டும். வேகமாக ஓடும் முழங்கால் ஆழ நீர் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி நீர் காரையே நகர்த்திவிடும். நாளும் போய்வரும் பாதைதானே என்று இறங்குகிறவர்க்கே ஆபத்து அதிகம். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், எந்த வாரியில் தண்ணீர் வந்திருக்கிறது என்பதை வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த வாரிக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. மாவட்டத்தில் தென்னைகள் எண்ணற்றுச் சாய்ந்தன. பெருஞ்சாலையில் உதவி வந்து நின்றாலும், உள்ளூர்களுக்குப் போகச் சிறு சாலைகளில் கிடந்த மரங்களை அறுத்தே வழி காண வேண்டியிருந்தது.

புதுச் சாலை போடும்போது விழா எடுக்கிறோம். பராமரிப்புக்கு அப்படியொரு நாள் இல்லை. புரட்டாசி முடியுமுன் குழாய்ப் பாலங்களில் அடைத்த மண்ணையும் சீமைக்கருவேலையும் அகற்ற வேண்டும். தை பிறந்து நிலம் உலர்ந்தபின் பள்ளங்களை அடைக்க வேண்டும். இவ்விரண்டையும் ஊராட்சியின் ஆண்டுக் கணக்கில் முன்னதாகவே எழுதிவைக்கும்படி, கிராம சபை கூடும் நாளில் நீங்களே எழுந்து கேட்கலாம்.