உங்களுக்குத் தெரியுமா? தகுதிச் சுற்றிலிருந்து உலகப் பட்டம் வரை

டோட்டா 2 கணினி விளையாட்டின் உலகப் பட்டத்தை 2018-இல் வென்ற ஓஜி அணி, அதற்கு 3 மாதம் முன்புதான் பாதி கலைந்து போயிருந்தது! நேரடி அழைப்பும் கிடையாது. யார் வேண்டுமானாலும் மோதலாம் என்ற திறந்த தகுதிச் சுற்றில் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தது.

• 2015-இல் அணியைக் கூட்டாகத் தொடங்கிய இருவரில் ஒருவரான டால் ஐசிக், இன்னொரு வீரரோடு ஈவில் ஜீனியஸஸ் அணிக்குத் தாவினார். அந்த இருவரில் எஞ்சி நின்றவர் டென்மார்க்கின் யோஹான் சண்ட்ஸ்டைன்.

• காலி இடங்களை நிரப்பிய விதம்தான் அழகு. பயிற்சியாளர் செபாஸ்டியன் டெப்ஸ் தானே களமிறங்கினார். ஓய்விலிருந்த ஆஸ்திரேலிய வீரர் அனதன் பாம் திரும்பி வந்தார். பெரிய மேடை அனுபவமே இல்லாத 20 வயது ஃபின்லாந்து இளைஞர் டோபியாஸ் தாவிட்சைனனும் சேர்ந்தார்.

• வான்கூவரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் வழியில் எதிர்ப்பட்டது அதே ஈவில் ஜீனியஸஸ். வென்றது ஓஜி! இறுதியில் சீனாவின் பிஎஸ்ஜி.எல்ஜிடி அணியை 3–2 என வீழ்த்தியது. பரிசு 1.1 கோடி டாலருக்கும் மேல்.

• 2019, ஷாங்காய்: அதே ஐவர், மீண்டும் பட்டம். இந்தப் போட்டியை இருமுறை வென்ற முதல் அணி ஓஜி.

• பிறகு ஐவரும் விலகினர். புது இளைஞர்களோடு 2022-இல் ஸ்டாக்ஹோம் மேஜர் கோப்பையை ஓஜி வென்றபோது, வர முடியாத வீரருக்குப் பதிலாக ஆடியவர் யார் தெரியுமா? ஓய்வுபெற்றிருந்த அதே டெப்ஸ்!