இரண்டாவது செவ்வாயும் கரண்டு போகும் புதனும்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி ஆனதும், விண்டோஸுக்கான அந்த மாதத்து அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. 2003 அக்டோபரிலிருந்து இந்த வழக்கம். கோவில்பட்டியில் அப்போது இரவு பத்தரை. அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் பதினொன்றரை. இங்கே பெரும்பாலான வீட்டுக் கணினிகள் அந்நேரம் அணைந்திருக்கும். மறுநாள் காலை யாராவது சுவிட்சைப் போட்ட பிறகுதான் பதிவிறக்கம் தொடங்கும். மறுநாள் புதன்கிழமை. அன்றைய நாளிதழின் மின்தடை அறிவிப்பில் எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் என்று உங்கள் துணை மின்நிலையத்தின் பெயரும் இருந்துவிட்டால், பராமரிப்புப் பணிக்காகக் காலையிலேயே கரண்டு போய்விடும். அப்டேட் நடுவழியில் நிற்கும்.

கரண்டு திரும்பி வந்ததும், மாற்றங்களை விலக்கிக்கொள்வதாக ஒரு வரி திரையில் வரும். அதைக் கண்டு வீடே கலங்கிப்போகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மட் அடிச்சாத்தான் அண்ணாச்சி சரியாகும்" என்ற பதில் பல சமயம் தயாராகவே இருக்கிறது. ஃபார்மட் அடித்தால் பிரச்சினை தீரும்தான். கூடவே பிள்ளைகளின் படங்கள், பத்திரத்தின் ஸ்கேன் நகல், தீப்பெட்டி ஆபீஸின் ஜி.எஸ்.டி. கணக்கு என்று எல்லாமும் போய்விடும். இத்தனையும் பெரும்பாலும் தேவையே இல்லாத இழப்பு. அந்த வரியின் பொருள் இவ்வளவுதான்: போட்டுப் பார்த்தது, முடியவில்லை, நேற்றிருந்த நிலைக்கே திரும்பிப் போகிறது. தோற்றால் பின்வாங்கும்படியாகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். பின்வாங்கிக்கொண்டிருக்கும்போது பொறுமையிழந்து பவர் பட்டனை அமுக்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். இறங்கிய கோப்புகள் முதலில் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரில் சேர்கின்றன. அனுப்பியது அனுப்பியபடியே வந்திருக்கிறதா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன. பிறகு, எந்தக் கோப்பை எடுத்துவிட்டு எதை வைப்பது என்ற வேலைத்திட்டம் வட்டில் எழுதப்படுகிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அடிப்படைக் கோப்புகளில் பலவற்றைத் தொட முடியாது. ஆள் குடியிருக்கும் வீட்டில் அஸ்திவாரத்தைத் தோண்ட முடியாத மாதிரி. ரீஸ்டார்ட் கேட்பது அதற்காகத்தான். திட்டம் முன்பே எழுதப்பட்டிருப்பதால், நடுவில் மின்சாரம் போய்த் திரும்பினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரவோ பழைய நிலைக்குத் திரும்பவோ பெரும்பாலும் முடிகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் அதே நொடியில் கரண்டு போனால் கோப்பு சிதையலாம்.

பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி 30 சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்பது சாதாரணம். சி.பி.யு. பெட்டியின் முகப்பில் பவர் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விளக்கு இருக்கும். ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் அது மினுக்கும். ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் ஒரு மினுக்கலும் இல்லையென்றால் மட்டும் பட்டனுக்குக் கை போகலாம். அதன் பிறகும் விண்டோஸ் ஏறாவிட்டால், அடுத்தடுத்து இருமுறை தோற்றபின் பழுதுநீக்கும் திரை தானாகவே வரும். கடைசியாகப் போட்ட அப்டேட்டை மட்டும் எடுத்துவிடும் வசதி விண்டோஸ் 10-லும் 11-லும் அங்கே இருக்கிறது. உங்கள் கோப்புகளுக்கு அதனால் சேதமில்லை.

விண்டோஸ் ஏறிவிட்டது, அப்டேட் மட்டும் மாதாமாதம் தோற்கிறது என்றால், அப்டேட் பக்கத்தில் தெரியும் பிழை எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் காட்ட வேண்டியதும் அதைத்தான். மிரட்டுகிற மாதிரி இருந்தாலும் அது படிக்கக்கூடிய எண். 80070070 என்று முடிகிறதென்று வைத்துக்கொள்வோம். முன்பாதியான 8007, விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியலைக் காட்டுகிறது. கடைசி 70 பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்டது. ஏழு பதினாறு 112. அந்தப் பட்டியலில் 112-ஆவது பிழை, வட்டில் இடமில்லை என்பது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்திருக்கும் வாட்ஸ்அப் வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றி, சி டிரைவில் 20 ஜி.பி. அளவுக்குக் காலி செய்தால் வேலை முடிந்தது. சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு கருவியின் டிரைவர் மென்பொருள் ஒத்துப்போகவில்லை. பிரின்டர், பென் டிரைவ், இ-சேவைப் பணிக்கு வைத்திருக்கும் கைரேகைக் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

பழைய டெஸ்க்டாப்களில் இன்னொரு எண்ணைப் பார்க்கலாம்: 80072எஃப்8எஃப். திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்டு இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். தேதி தவறினால் அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டு தொடர்பையே மறுத்துவிடும். வாட்ச் கடையில் வாங்கக்கூடிய ஒரு சின்ன பேட்டரிக்காக மொத்த கணினியையும் ஃபார்மட் அடிப்பது எனக்குத் தாங்கவில்லை.

கோப்பு சிதைந்திருக்கும் என்று சந்தேகமிருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, எஸ்.எஃப்.சி. எழுத்துகளும் ஓர் இடைவெளியும் சாய்கோடும் ஸ்கேன்நவ் என்ற சொல்லும் தட்டினால் விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். பாதி இறங்கிக் கெட்டுப்போன அப்டேட் என்றால், அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு, முன்பு சொன்ன சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டருக்குள் இருக்கும் டவுன்லோடை மட்டும் காலி செய்தால் புதிதாக இறங்கும்.

இறங்குவதற்கு டேட்டா வேண்டுமே. பல கிராமங்களில் கணினிக்கு இணையம் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய அப்டேட் 4 ஜி.பி. அளவுக்கு இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. திட்டத்தில் அளவு தாண்டியதும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகக் குறையும். அந்த வேகத்தில் 4 ஜி.பி. இறங்க ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டால் பெரிய பதிவிறக்கங்கள் காத்திருக்கும். ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பையும் கொண்டுபோய் இறக்கிக்கொள்ளலாம்.

மின்சாரத்துக்கு வருவோம். பேட்டரி செத்துப்போய் அடாப்டரில் மட்டும் ஓடும் லேப்டாப்பில், பிளக் அசைந்தாலே அப்டேட் போச்சு. டெஸ்க்டாப்புக்குச் சின்ன யு.பி.எஸ். கொடுக்கும் சில நிமிஷங்கள் அப்டேட் முடியப் போதாது. அதனால் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் சரியான வழி. ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்து இடி இறங்கும் நாட்களில் வேண்டவே வேண்டாம். எர்த்தையும் மறக்கக் கூடாது. கரிசல் மண்ணுக்கென்று ஒரு குணம் உண்டு. ஈரத்தில் விரிந்து, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது எர்த் குழியைச் சுற்றிய மண் காய்ந்து கம்பியை விட்டு விலகுவதால் எர்த்தின் தடை கூடும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் விஷயம் தெரிந்தவர்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அப்டேட் தோற்கலாம். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் உலகமெங்கும் 80070643 என்ற எண்ணோடு தோற்றது. வட்டின் மீட்புப் பகுதியில் அதற்கு 250 எம்.பி. காலியிடம் தேவைப்பட்டது, பல கணினிகளில் அங்கே அவ்வளவு காலியிடம் இல்லை. இடமில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், நிறுவ முடியவில்லை என்ற பொது எண்ணைக் காட்டியது நிரலில் இருந்த குறை என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. இப்படியும் நடக்கும் என்பதால், ஒரே எண் ஊரில் பலருக்கும் வருகிறதா என்று விசாரித்துவிட்டு, அடுத்த மாத அப்டேட் வரை பொறுத்துப் பார்ப்பதும் ஒரு வைத்தியம்.

எரிச்சலில் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடுகிறவர்களிடம் ஒரு வருடத்தைச் சொல்ல வேண்டும்: 2017. மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற பிணைப்பண வைரஸ் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டியது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் ஆலை வரை அதன் பாதிப்பு வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகியிருந்தது. போட்டிருந்தவர்களுக்கு அந்த வழியாக அது வரவில்லை.

இப்போது இன்னொரு தேதியும் தாண்டிவிட்டது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட்கள் வரும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சில்லு, 4 ஜி.பி. ரேம் எல்லாம் வேண்டும். 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் பழையவற்றுக்கு அது எட்டாது; அதில் உங்கள் தவறும் இல்லை, பழுதும் இல்லை. அந்த லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது, தமிழிலும் இயங்கும். பழைய கணினிக்கு, இன்னும் அப்டேட் வந்துகொண்டிருக்கும் லேசான லினக்ஸ் ஒன்றைப் போடச் சொல்லிக் கடையில் கேளுங்கள். போடுவதற்கு முன்னால் படங்களையும் கணக்குகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்து, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.