புதுச்சேரியைக் கொடுத்த ஊர்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற பேருந்தில் பெரம்பலூரைத் தாண்டியதும் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். தூங்காதவர்கள் மக்காச்சோளக் காட்டையும் பருத்திக் கொல்லையையும் வேடிக்கை பார்க்கலாம். வாலிகண்டபுரம் என்ற பெயர்ப்பலகை வரும், போகும். கொஞ்ச தூரத்தில் ஒரு மொட்டைப் பாறைமேல் கல்கோட்டை ஒன்று தெரியும். அது ரஞ்சன்குடி. கண்ணாடிக்குள்ளிருந்தே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பேருந்து நிற்பதில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் பிரெஞ்சு வரலாற்றில் இருக்கும் இடம், அந்த வழியாகப் போகிறவர்களில் பலருக்கும் தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேற இடம் கொடுத்தவர் வாலிகண்டபுரத்தின் ஆளுநர். அதற்கு 79 ஆண்டுகள் கழித்து, தென்னிந்தியாவைப் பிடித்துவிடலாம் என்ற பிரெஞ்சுக் கனவுக்குப் பெரிய அடி விழுந்தது ரஞ்சன்குடிக் கோட்டையடியில். தொடங்கி வைத்ததும் இடறி விழ வைத்ததும் ஒரே வட்டாரம்.

இன்றைய வாலிகண்டபுரத்தில் பெரிதாகத் தெரிவது வாலீஸ்வரர் கோயில்தான். வாலி இங்கே சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலில் இருக்கின்றன. இங்குள்ள முருகனை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். ஊரில் பழைய பள்ளிவாசலும் உண்டு. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து பார்த்தால், ஒரு காலத்தில் இது சாதாரணக் கிராமமாக இருந்திருக்காது என்று யாரும் சொல்லாமலே புரியும். ஊரின் இன்றைய அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கோயில் அது.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் செஞ்சியைப் பிடித்த பீஜப்பூர் சுல்தான்கள், இந்தப் பக்கத்து நிலத்தைத் தங்கள் தளபதிகளிடம் பிரித்துக் கொடுத்தார்கள். செஞ்சி ஒருவரிடம், வாலிகண்டபுரம் இன்னொருவரிடம். வாலிகண்டபுரத்துக்கு வாய்த்தவர் ஷேர்கான் லோடி என்ற ஆப்கானியர். அவருடைய கை உள்நாட்டிலிருந்து கிழக்கே கடற்கரை வரை நீண்டிருந்தது. பரங்கிப்பேட்டையும் புதுச்சேரியும் அவருக்குக் கட்டுப்பட்டவை.

அப்போது பிரெஞ்சுக்காரர்களின் நிலைமை பரிதாபமானது. 1664-இல் கம்பெனி தொடங்கி, டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பிந்தி வந்து சேர்ந்தவர்கள். 1672-இல் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து சாந்தோமைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு மாட்டிக்கொண்டார்கள். கோல்கொண்டா படை நிலத்தில் வளைக்க, டச்சுக் கப்பல்கள் கடலில் மறித்தன. உள்ளே சோறு இல்லை. உதவி தேடித் தெற்கே அனுப்பப்பட்டவர் பெல்லாஞ்சே தெ லெஸ்பினே என்ற இளைஞர். பரங்கிப்பேட்டையில் இறங்கி, ஷேர்கானிடம் போய் நின்றார்.

டச்சுக்காரர்கள் விடவில்லை. இந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று அவர்களுடைய ஆளும் ஷேர்கானிடம் வந்து சேர்ந்தார். ஷேர்கான் சொன்ன பதில் பிரெஞ்சுக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பாவில் நீங்கள் இருவரும் அண்டை வீட்டுக்காரர்கள்தானே, இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போங்கள் என்பது அதன் சாரம். டச்சுக்காரர்களின் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே இருந்த புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டினார். 1673 பிப்ரவரியில் லெஸ்பினே அங்கே போய் இறங்கினார்.

இதை வெறும் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊரை முழுதாக எழுதிக் கொடுத்துவிடவும் இல்லை. தங்கவும் வியாபாரம் செய்யவும் அனுமதி, அவ்வளவே. கடற்கரையில் ஒரே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தால் அது வைத்ததுதான் விலை. இரண்டு இருந்தால் நாம் வைத்தது விலை. பாதுகாப்புக்கு ஆளும் பீரங்கியும் வேண்டியிருக்கும்போது ஒருவரிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் கேட்கலாம். ஷேர்கான் போட்ட கணக்கு பலிக்கவும் செய்தது. 1674 ஜனவரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் சில ஆட்களோடு புதுச்சேரிக்கு வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் சாந்தோம் கைவிட்டுப் போன பிறகு, இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புகலிடம் அந்த மீன்பிடி ஊர்தான். மர்த்தேன் ஷேர்கானுக்குக் கடன் கொடுத்தார். வழுதாவூரைச் செஞ்சிக்காரரிடமிருந்து பிடிக்கப் படையாட்களும் கொடுத்தார். புதுச்சேரியின் முதல் இருப்பு பிரெஞ்சு ராஜாவின் பலத்தால் வந்ததல்ல. வாலிகண்டபுரத்துக்காரரோடு வைத்த கொடுக்கல் வாங்கலால் வந்தது.

ஷேர்கானின் காலம் 1677-இல் முடிந்தது. செஞ்சியைப் பிடித்த சிவாஜி தெற்கே திரும்பினார். பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையில் ஷேர்கானின் படை எதிர்கொண்டது. எதிர்கொண்டது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். மராட்டியக் குதிரைப்படையைக் கண்டதும் கலைந்துவிட்டது. ஜூலை மாதம் ஷேர்கான் தன் நிலங்களைக் கொடுத்து, 20,000 வராகன் தண்டம் கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டு, மூத்த மகனைப் பிணையாக விட்டுவிட்டு வெளியேறினார். அவருக்கு அடைக்கலம் கிடைத்தது அரியலூர்க் காடுகளில். அங்கிருந்துதான் பணம் புரட்டி மகனை மீட்டார். அதே ஜூலையில் சிவாஜி கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் கூடாரம் அடித்திருந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்து சந்தித்த தம்பி ஏகோஜி, பாகப்பிரிவினைப் பேச்சு பிடிக்காமல் ஒரு ராத்திரியில் ஆற்றைக் கடந்து ஓடிப்போனது இங்கேதான். திருமழபாடியில் நந்தி கல்யாணம் பார்க்கப் போகும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

புதுச்சேரி மட்டும் தப்பித்தது. மர்த்தேன் உடனே சிவாஜியிடம் தூதனுப்பி, யார் பக்கமும் சாயாமல் இருந்தால் தொந்தரவில்லை என்ற உறுதியை வாங்கிக்கொண்டார். கொடுத்தவர் காட்டில் இருக்க, வாங்கியவர் கடற்கரையில் நிலைத்தார். மர்த்தேன் பெயரில் புதுச்சேரியில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. ஷேர்கான் லோடிக்கும் அங்கே ஒரு சந்தாவது வைத்தால் தகும்.

கோட்டைச் சாவி யார் கையில்?

ரஞ்சன்குடி, பெரம்பலூரிலிருந்து வடக்கே சுமார் 17 கிலோமீட்டர். கோட்டை 17-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தார் கட்டியது என்கிறார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று மட்டத்தில் மதில்கள். சுற்றிலும் அகழி. அரைவட்டக் கொத்தளங்கள். செதுக்கிய கற்களை அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். உள்ளே அரண்மனையின் மிச்சமும் நிலவறைகளும் இருக்கின்றன. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பழைய ஐரோப்பிய நூல்களில் ‘வால்கொண்டா’ என்று வரும் கோட்டை இதுதான் என்பது பொதுவான கருத்து. திருச்சிக்கும் ஆற்காட்டுக்கும் இடையே இருந்த பெருவழியை இந்தப் பாறை பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டை யாரிடமோ, வழி அவரிடம்.

1751-இல் கர்நாடக நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னால் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸ். முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. முகமது அலியிடம் மிஞ்சியிருந்தது திருச்சிதான். அதைப் பிடிக்க சந்தா சாகிப் கிளம்ப, தடுக்க ஆங்கிலேயர்கள் கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் படை அனுப்பினார்கள். சுமார் 500 ஐரோப்பியர்கள், ஒரு பிரிவு ஆப்பிரிக்க வீரர்கள், சிப்பாய்கள். அந்தப் படைக்கு உணவும் தளவாடமும் பார்த்துக்கொண்டவர் 25 வயது ராபர்ட் கிளைவ். இரண்டு படைகளும் சந்தித்த இடம் இந்தக் கோட்டையின் அடிவாரம்.

சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. 1751-இல் இங்கே நடந்த வாலிகண்டாப் போரில் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தார்கள் என்று. ஆங்கிலக் கம்பெனியின் போர்களை எழுதிவைத்த ராபர்ட் ஓர்ம், 1763-இல் வெளியான தன் முதல் தொகுதியில் சொல்வது இதற்கு நேர்மாறு. தன் சொந்தக் கம்பெனி தோற்றுப்போனதை அவர் பொய்யாக எழுத வேண்டிய அவசியம் இல்லை. அதனால் நான் ஓர்ம் பக்கம்.

அவர் சொல்லும் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். இரண்டு படைகளும் வந்து இரண்டு பக்கமும் இறங்கியதும், இரண்டு பேரும் அவரிடம் தூதனுப்பினார்கள். கோட்டையைக் கொடு, இன்னது தருகிறோம். அவர் இவருக்கும் தலையாட்டினார், அவருக்கும் தலையாட்டினார். நாட்கள் ஓடின. ஜெயிப்பவருக்குத்தான் கதவைத் திறப்பது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது. இதைத் துரோகம் என்று வெள்ளைக்கார ஆசிரியர்கள் எழுதுவார்கள். வாசலில் இரண்டு யானைகள் முட்டிக்கொள்ளும்போது வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வது துரோகமா?

பொறுமை இழந்தது ஆங்கிலப் படை. ஒரு மாலையில் கோட்டையடியில் இருந்த பேட்டைக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தது. மண் சுவர் மட்டுமே காவலாக இருந்த அந்தப் பேட்டையில் நெய்தவர்களும் விற்றவர்களும் உழுதவர்களும் குடியிருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஓர்ம் கணக்கெடுக்கவில்லை. துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் எண்ணி எழுதியவருக்கு அது தோன்றவில்லை.

கல்கோட்டை அசையவில்லை. கில்லேதார் இப்போது பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டார். மறுநாள் காலை பிரெஞ்சுப் படை ஆற்றுப் படுகை வழியாக முன்னேறியது. பீரங்கிச் சண்டை தொடங்கியது. ஆங்கில அதிகாரிகள் கூடி ஆலோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சிப்பாய்கள் அல்ல, ஐரோப்பியப் பட்டாளத்துக்காரர்கள்தான் மிரண்டு ஓடத் தொடங்கினார்கள். கிளைவும் மற்றவர்களும் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, முகத்துக்கு நேரே கோழைகள் என்று திட்டினார். முகமது அலியின் ஆட்களும் ஆப்பிரிக்க வீரர்களும் களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றிரவே ஆங்கிலப் படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தெற்கே ஊட்டத்தூர் பக்கம் நடையைக் கட்டியது. பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் அப்போதே துரத்தியிருந்தால் திருச்சியின் கதை வேறாகியிருக்கும். அவருக்குக் கீல்வாதம்.

கிளைவ் வெறுத்துப்போய்க் கடற்கரைக்குத் திரும்பினார். செப்டம்பரில் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிப் புகழ்பெற்றார். பாடப்புத்தகங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குச் சில மாதம் முன்பு ரஞ்சன்குடியில் பட்ட அவமானம் அவற்றில் இல்லை.

அடுத்த ஆண்டு அதே இடத்தில் காட்சி மாறியது. 1752-இல் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, சந்தா சாகிபோடு ஸ்ரீரங்கம் தீவில் அடைபட்டுக் கிடந்தார். அவரை மீட்கத் துய்ப்ளேக்ஸ் அனுப்பியது மறுபடியும் தொத்தேயைத்தான். கிளைவ் சமயபுரத்திலிருந்து கிளம்பி விரட்ட, தொத்தேய் பழகிய இடத்துக்கே பின்வாங்கினார். போன வருஷம் நம்மைக் கூப்பிட்டவர்தானே என்று கில்லேதாரை நம்பியிருப்பார். கில்லேதார் காற்று மாறியதை எப்போதோ பார்த்துவிட்டார். மேல்கோட்டைக் கதவு திறக்கவில்லை. முன்னால் கிளைவ், பின்னால் சாத்திய கதவு. 1752 ஜூன் மாதம் தொத்தேய் சரணடைந்தார். அவரோடு சுமார் 100 ஐரோப்பியர்களும் 400 சிப்பாய்களும் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். அந்த ஐரோப்பியர்களில் சிலர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிவந்து பிரெஞ்சுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள்!

மீட்க வருகிறவர் இல்லை என்றானதும் சில நாட்களிலேயே லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் சிக்கித் தலை வெட்டப்பட்டார். துய்ப்ளேக்ஸை 1754-இல் பாரிஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயர் கையில் விழுந்து இடிபட்டது. பின்னால் திரும்பக் கிடைத்தாலும், அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது வியாபார ஊர்தான், ராஜ்ஜியக் கனவு அல்ல. ஸ்ரீரங்கத்தில்தான் பிரெஞ்சு ஆட்டம் முடிந்தது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. ஸ்ரீரங்கத்தின் முடிவு ரஞ்சன்குடியில் சாத்திய அந்தக் கதவிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பேன்.

போகிறவர்களுக்கு

பெரம்பலூர் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு ஊருக்கும் பேருந்து உண்டு. காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. மேல்தளத்தில் நின்று நெடுஞ்சாலையைப் பார்த்தால், படை நகர்வதை எத்தனை தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள் என்பது எந்த நூலையும்விட நன்றாக விளங்கும். பிறகு வாலிகண்டபுரத்துக்கு வந்து கோயிலைப் பாருங்கள். கையில் ஒரு நாள் முழுதாக இருந்தால் அதே மாவட்டத்துச் சாத்தனூரையும் சேர்த்துக்கொள்ளலாம். 12 கோடி ஆண்டுக்கு முந்திய மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை வெளியுலகுக்குத் தெரிவித்தார்.

ரஞ்சன்குடியில் 1751, 1752 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கதையையும் சரியாகச் சொல்லும் பலகை ஒன்று அவசியம். வாலிகண்டபுரத்திலும் இன்னொன்று வேண்டும், 1673 என்று போட்டு. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிவைத்தால், புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சுப் பயணிகளில் சிலராவது விசாரித்துக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறுவார்கள். அப்போது பேருந்து வாலிகண்டபுரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.