விந்தணு ஆன்டிபாடி 'பாசிட்டிவ்' என்றால் குழந்தை பிறக்காதா?

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் கரு தங்கவில்லை என்றால், சில இடங்களில் பெண்ணுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார்கள். விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. 'பாசிட்டிவ்' என்று வந்தால், குறை தன் உடம்பில்தான் என்று அவள் மனம் ஒடிந்துவிடுகிறாள். அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

உடலில் என்ன நடக்கிறது?

பெண்ணின் உடலுக்கு விந்தணு அந்நியப் பொருள். ஆனாலும் பெரும்பாலான பெண்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைத் தாக்குவதில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் பொருட்கள் விந்துநீரிலேயே இருப்பது இதற்கு ஒரு காரணம். சில பெண்களிடம் மட்டும் ஆன்டிபாடி உருவாகிறது. ரத்தத்தில் இருப்பதைவிட, கருப்பை வாயின் சளியில் இருப்பதுதான் விந்தணுவுக்கு நேரடித் தடை. நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தச் சளியில் சிக்கிய விந்தணு முன்னேற முடியாமல் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். சில ஆன்டிபாடிகள் விந்தணுக்களைத் தலையோடு தலையாக, வாலோடு வாலாக ஒட்ட வைத்துவிடும். வேறு சில, விந்தணு கருமுட்டையைப் பற்றவிடாமல் தடுக்கும்.

ஆண்கள் உடலிலும், தங்கள் விந்தணுவுக்கே எதிராக ஆன்டிபாடி உருவாகலாம். விதைப்பையில் அடிபட்டவர்களிடமும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் காணப்படுகிறது. வாசக்டமி எனும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் மிகப் பரவலாக உண்டு.

மலட்டுத்தன்மைக்கு இதுதான் காரணமா?

காரணம் தெரியாமல் குழந்தையில்லாமல் இருந்த பெண்கள் பலரிடம் இந்த ஆன்டிபாடி இருப்பதாக, 1964இல் அமெரிக்காவில் ஃபிராங்க்ளின், டியூக்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். சில மாதம் ஆணுறை அணிந்தால் ஆன்டிபாடி குறையும் என்ற சிகிச்சையும் அதையொட்டிப் பரவியது. ஆனால் குழந்தை பெற்ற பெண்களிடமும் இதே ஆன்டிபாடி இருப்பது பின்னர் தெரியவந்தது. விந்தணுவை முற்றிலும் அசையவிடாமல் செய்யும் வகை இருந்தால் கருத்தரிப்பு கடினமாகலாம். ஆனால் ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பதை மட்டும் வைத்து மலட்டுத்தன்மை என்று சொல்லிவிட முடியாது.

சிகிச்சை

ஆணுறை முறை பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆன்டிபாடியைக் குறைக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையின் பலனும் உறுதியாகவில்லை. அதிக அளவில் சாப்பிட்டால் இடுப்பு எலும்பு வரை பாதிக்கப்படலாம். கருப்பை வாயைத் தாண்டி விந்தணுவை உள்ளே செலுத்தும் ஐ.யு.ஐ., ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப்., ஒற்றை விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி ஆகியவை வழிகள். இவை காரணம் தெரியாத குழந்தையின்மைக்கும் செய்யப்படுபவைதான். அதனால் ஆன்டிபாடி பரிசோதனையின் முடிவு, பெரும்பாலும் சிகிச்சையின் போக்கை மாற்றுவதில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்', எல்லோருக்கும் இதைச் செய்யத் தேவையில்லை என்றே அறிவுறுத்துகிறது.

முதலில் பார்க்க வேண்டியவை கணவரின் விந்துப் பரிசோதனை, மனைவிக்கு முட்டை வெளியாகிறதா என்பது, கருக்குழாய் அடைப்பு ஆகியவை. அதற்குப் பிறகும் ஆன்டிபாடி பரிசோதனை எழுதினால், "இதன் முடிவைப் பொறுத்து எங்கள் சிகிச்சை மாறுமா, டாக்டர்?" என்று இருவரும் சேர்ந்தே கேளுங்கள். மாறாது என்றால் அந்தச் செலவும் வேண்டாம், ஒரு தாளை வைத்து மனைவியைக் குற்றவாளியாக்கும் கொடுமையும் வேண்டாம்.